சிஇஏ புரதம்: குப்பியைத் திறப்பது முதல் ஸ்டாண்டர்ட் வரைவு வரை

எலைசா (எதிர்ப்பொருள் கொண்டு புரதத்தை அளக்கும் நிறச் சோதனை) தட்டில் நிறம் எவ்வளவு சீராக வந்தாலும், ஸ்டாண்டர்டை (மாதிரிகளை ஒப்பிட்டு அளக்க உதவும், செறிவு தெரிந்த புரதத்தை) கரைத்தபோது நேர்ந்த பிழை எல்லா மாதிரிகளின் அளவிலும் ஏறிவிடும். 100 மைக்ரோகிராம் கரைந்ததாக நம்பி உண்மையில் 80 மட்டுமே கரைசலுக்கு வந்திருந்தால், ஒவ்வொரு மாதிரியும் உண்மை அளவைவிட 25 சதவீதம் கூடுதலாகக் காட்டும். அளவு தெரிந்த கட்டுப்பாட்டு மாதிரியைத் தட்டில் வைக்காதவர்களுக்கு இது தெரியவே வராது. அதனால் முதல் பத்து நிமிட வேலையில் அவசரம் காட்டாதீர்கள்.

சிஇஏவை (கார்சினோஎம்பிரியோனிக் ஆன்டிஜென் என்ற புற்றுநோய்க் குறிப்பான் புரதத்தை) 1965இல் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் மான்ட்ரியலில், மனிதப் பெருங்குடல் புற்றுத் திசுவில் கண்டறிந்தார்கள். மூலக்கூறு எடை ஏறத்தாழ 180 முதல் 200 கிலோடால்டன். அதில் பாதியோ அதற்கு மேலோ சர்க்கரைச் சங்கிலிகள்தான். இந்தச் சர்க்கரையைப் பற்றிப் பின்னால் மறுபடி பேச வேண்டியிருக்கும். விற்பனைக்கு வரும் இயற்கை மூலத் தூய புரதம் பெரும்பாலும் கல்லீரலுக்குப் பரவிய கட்டியிலிருந்தோ, புற்றுச் செல்களை வளர்த்த ஊடகத்திலிருந்தோ எடுக்கப்படுகிறது. எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி சோதனைகளில் நெகட்டிவ் என்று சான்றிதழ் சொன்னாலும், மனித மூலப் பொருள் என்பதால் தொற்று உள்ளது போலவே கையாளுங்கள். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

உறைந்து உலர்ந்த குப்பியை அறை வெப்பத்துக்கு வரவிட்ட பிறகே திறக்க வேண்டும். குளிராகத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படியும். திறக்குமுன் சென்ட்ரிஃப்யூஜில் ஒரு நிமிடம் மெதுவாகச் சுழற்றுங்கள். மூடியில் ஒட்டிய தூள் அடிக்கு வந்துவிடும். 100 மைக்ரோகிராம் குப்பி என்றால், விவரத்தாளில் சொன்ன பஃபரில் (அமில–காரத் தன்மையை நிலையாக வைக்கும் கரைசலில்) 1 மில்லிலிட்டரைச் சுவரோரமாக விட்டு 15 நிமிடம் அப்படியே வையுங்கள். பிறகு மெல்ல உருட்டிக் கலக்கலாம். வோர்டெக்ஸ் வேண்டாம், நுரை வந்தால் புரதம் காற்றுப் பரப்பில் சிதையும்.

கிடைத்த 100 மைக்ரோகிராம்/மில்லிலிட்டர் கரைசலை 20 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து, புரதம் ஒட்டாத வகை ட்யூபில் மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரு பங்கை ஒரு முறைதான் உருக்க வேண்டும், மீதியைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசர் உதவாது, அதன் வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

நீர்த்தல் இப்படி: மூலக் கரைசல் 10 மைக்ரோலிட்டரோடு பஃபர் 990 சேர்த்தால் 1 மைக்ரோகிராம்/மில்லிலிட்டர். அதில் 50 எடுத்து 950 பஃபரில் கலந்தால் 50 நானோகிராம்/மில்லிலிட்டர். அங்கிருந்து 500க்கு 500 என்று பாதி பாதியாக இறங்குங்கள்: 25, 12.5, 6.25, 3.13, 1.56, 0.78. கடைசியில் சிஇஏ இல்லாத வெறும் பஃபர். ஒவ்வொரு படிக்கும் புது பிபெட் டிப் வேண்டும். நீர்த்தும் பஃபரில் 1 சதவீதம் போவைன் சீரம் ஆல்புமின் (மாட்டு இரத்தப் புரதம்) இருக்கட்டும். வெறும் பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் உப்புப் பஃபரில்) நீர்த்தினால் நானோகிராம் அளவுப் புரதத்தில் பெரும்பகுதி பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஸ்டாண்டர்ட் வரைவின் (செறிவுக்கு எதிராக நிறத்தைக் குறித்த கோட்டின்) கீழ்முனை சட்டென்று சரிவது பெரும்பாலும் இதனால்தான். ஆனால் இதே புரதத்துக்குப் பயோட்டினோ ஒளிர்சாயமோ ஏற்ற நினைத்தால் ஆல்புமின் கலக்காத குப்பியையே வாங்குங்கள், இல்லையென்றால் சாயம் ஆல்புமினிலேயே ஏறிப் போகும்.

பஃபரில் சோடியம் அசைடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது எலைசாவில் நிறம் உண்டாக்கும் எச்ஆர்பி நொதியை முடக்கும், நிறம் மங்கிவிடும். அசைடு கரைசலைத் தொட்டியில் கொட்டினால் செம்பு, ஈயக் குழாய்களில் வெடிக்கக்கூடிய உப்பு உருவாகும்.

செறிவைச் சரிபார்க்கும்போதுதான் சர்க்கரை குழப்பும். புரத அளவைக் காட்டப் பயன்படும் பிராட்ஃபோர்டு சாயம் புரதப் பகுதியில் மட்டுமே பிடிப்பதால், கிளைக்கோபுரதத்தின் (சர்க்கரை சேர்ந்த புரதத்தின்) எடையைக் குறைத்தே காட்டும். குப்பியில் எழுதிய எடை புரதத்துக்கு மட்டுமா, சர்க்கரையும் சேர்த்தா என்று தயாரிப்பாளரிடம் கேட்டே தீர வேண்டும். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் எஸ்டிஎஸ் ஜெல்லிலும் கூர்மையான கோட்டை எதிர்பார்க்காதீர்கள். 180 கிலோடால்டனைச் சுற்றி அகலமான மங்கல் பட்டை வருவதே இயல்பு, அதைப் பார்த்துத் தூய்மையில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். பிஎன்ஜிஏஸ் எஃப் நொதியால் சர்க்கரையை வெட்டினால் பட்டை 70–80 கிலோடால்டனுக்கு இறங்க வேண்டும்.

மாதிரியில் சிஇஏ மிக அதிகமாக இருந்தால், ஒரே படியில் நடக்கும் சாண்ட்விச் சோதனை (புரதத்தை இரண்டு எதிர்ப்பொருள்களுக்கு நடுவே பிடிக்கும் எலைசா) அதைக் குறைவாகக் காட்டும். பிடிக்கும் எதிர்ப்பொருளும் காட்டும் எதிர்ப்பொருளும் தனித்தனியே நிரம்பிவிடுவதால், இரண்டையும் இணைக்கும் பாலம் அமையாது. சந்தேகம் வந்தால் மாதிரியை 10, 100 மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். பெருக்கிப் பார்த்த விடை நீர்த்த அளவோடு ஏறிக்கொண்டே போனால் இதுதான் காரணம்.

புது லாட் (தயாரிப்புத் தொகுதி) வந்ததும் பழைய லாட்டின் கடைசிப் பங்கை அதே தட்டில் பக்கத்தில் ஓட்டுங்கள். முடிந்தால் இரண்டையும் உலக சுகாதார நிறுவனத்தின் 73/601 என்ற சிஇஏ ஒப்பீட்டுப் பொருளோடு ஒப்பிடுங்கள், அதன் அளவு சர்வதேச அலகில் இருக்கும். இரு வரைவுகளும் இணையாக ஓடி இடைவெளி மட்டும் இருந்தால் திருத்தக் காரணி போட்டுச் சரிசெய்யலாம். சாய்வே மாறினால் காரணி உதவாது. அந்தக் குப்பியைப் பயன்படுத்தாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.