பெயரின் முதலெழுத்துகள் வரி முனையில் பிரியாமல் இருக்க: மெல்லிய இடைவெளி போடுவது எப்படி?

லிப்ரே ஆபீஸில் ‘உ. வே. சாமிநாதையர்’ என்று அடிக்கிறீர்கள். ‘உ.’ மட்டும் வரியின் கடைசியில் தனித்து நிற்கிறது. மீதிப் பெயர் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. சரி, இடைவெளியே வேண்டாம் என்று ஒட்டி அடித்தால் எழுத்துகள் முட்டிக்கொள்கின்றன. ஒரு மனிதரின் பெயரை இப்படி அச்சிட எனக்கு மனம் வருவதில்லை.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். எழுத்தின் அளவுக்குச் சமமான அகலம்தான் ஒரு எம். 12 பாயின்ட் எழுத்துக்கு ஒரு எம் என்பது 12 பாயின்ட். ஸ்பேஸ் பார் தரும் இடைவெளி ஃபாண்டுக்கு ஃபாண்ட் மாறும். பல ஃபாண்டுகளில் கால் எம், அதாவது 3 பாயின்டை ஒட்டி இருக்கும். மெல்லிய இடைவெளி எம்மில் ஐந்தில் அல்லது ஆறில் ஒரு பங்கு: 2.4 அல்லது 2 பாயின்ட். இருபக்கமும் சமமாக ஜஸ்டிஃபை செய்யும்போது சாதாரண இடைவெளி இழுபடும், இது இழுபடாது. நீளமான சொற்கள் நிறைந்த தமிழ் வரிகளில் இது பெரிய உதவி.

இனி செய்முறை.

1. கன்ட்ரோல்-எஃப்10 அழுத்துங்கள். சாதாரண இடைவெளிகள் புள்ளிகளாகத் தெரியும். இரண்டு புள்ளிகள் சேர்ந்திருந்தால் ஒன்றை அழித்துவிடுங்கள்.

2. ‘உ.’ அடித்ததும் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி, 2, 0, 2, எஃப் என இடைவிடாமல் அடித்து ஆல்ட்-எக்ஸ் அழுத்துங்கள். அடித்தது மறைந்து மெல்லிய இடைவெளி வரும். ‘வே.’க்குப் பிறகும் இதே வேலைதான்.

மெல்லிய இடைவெளி என்று தேடினால் 2009 என்ற யூனிகோடு எண்தான் முதலில் கிடைக்கும். அது வரி முனையில் உடையக்கூடியது. பெயர்களுக்கு உடையாத 202எஃப் தான் வேண்டும்.

3. ‘10 கி.மீ.’ போன்றவற்றுக்கு கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஸ்பேஸ் போதும். அதுவும் வரியை உடைக்காது. இங்கே 202எஃப் அடித்தால் முன்னால் உள்ள 10-உம் குறியீட்டோடு சேர்ந்து வேறு ஏதோ வந்துவிடும்.

4. இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் தெரிந்தால் அந்த ஃபாண்டில் இந்தக் குறி இல்லை. ஃபாண்டை மாற்றிப் பாருங்கள். அச்சுக்கு அனுப்புமுன் பிடிஎஃப்பிலும் ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

வலைப்பதிவு எழுதுபவர்கள் எச்டிஎம்எல் பகுதியில் உ. வே. சாமிநாதையர் என்று எழுதலாம்.