ஹட்டன் தூறலிலும் நிற்கிற ஷேகி கட்: வளர்ப்பது முதல் கலைத்துவிடுவது வரை

ஷேகி கட் என்று தேடினால் வருகிற வீடியோக்களில் முக்கால்வாசி வெயில் அடிக்கிற ஊர்களில் எடுத்தவை. காலையில் கலைத்துவிட்ட முடி மாலை வரை அப்படியே நிற்கும். தூறலும் பனியுமான எங்கள் மலையூர் ஹட்டனில் அதே மாதிரி செய்துகொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கிப் பாருங்கள். மல்லியப்பூ சந்தி வருவதற்குள் எல்லாம் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும். எனக்குச் சரிவந்த முறையை நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால் ஒரேயடியாக எழுதிவைக்கிறேன்.

எந்த வெட்டு என்று முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். உச்சியில் 10 முதல் 12 சென்டிமீட்டர், பக்கத்தில் காதின் மேல்பாதியை மூடுகிற அளவு, பின்னால் சட்டைக் கொலரைத் தொடுகிற அளவு. முழுக்கப் படிப்படியாக அடுக்கு வெட்டி, நுனிகள் ஒழுங்கில்லாமல் இருக்கும். நியூயோர்க்கில் போல் மெக்ரிகர் என்ற முடி வெட்டுபவர் 1970 வாக்கில் நடிகை ஜேன் ஃபொண்டாவுக்கு வெட்டிப் பிரபலமாக்கிய பாணி இது. ரொக் பாடகர்கள் தலைக்கும் போனது. ஆகவே "இது என்ன பொம்பளப் புள்ள கட்டு" என்று வீட்டில் கேட்டால் கோபப்படாதீர்கள், பாதி உண்மைதான்.

வளர்க்கிற காலம்

முடி மாதத்துக்கு 1 முதல் 1.25 சென்டிமீட்டர் வரைதான் வளரும். எந்த எண்ணெயும் இதை மாற்றாது. பக்கத்தில் நம்பர் 2 மெசின் போட்டவருக்கு அங்கே 6 மில்லிமீட்டர்தான் மிச்சம், அது காதை மூட அரை வருடம் பிடிக்கும். கதிர்காமத்தில் மொட்டை போட்டு வந்தவர் பத்து மாதத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். பாடசாலைப் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை முடியட்டும் என்று விட்டுவிடுங்கள், அதிபரோடு மல்லுக்கு நிற்க இந்த வெட்டு தகாது.

மூன்றாவது, நான்காவது மாதத்தில் பக்கத்து முடி காதுக்கு மேலே சிறகு மாதிரி விரியும். அந்த நேரத்தில்தான் பலர் பொறுமை இழந்து மறுபடி ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். அப்போது பிடரியை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும். உச்சியையும் பக்கத்தையும் தொடவிடாதீர்கள். பிடரியை விட்டுவைத்தால் பின்னால் மட்டும் வால் தொங்கும்.

சலூனில்

எனக்கு இழுத்தடித்தது இந்த இடம்தான். அதனால் இங்கே கொஞ்சம் நீட்டுகிறேன்.

எப்போது போவது? தீபாவளிக்கு முந்திய வாரம் வேண்டவே வேண்டாம். தோட்டத்தில் சம்பளம் போடுகிற 10ஆம் திகதியை ஒட்டிய சனி, ஞாயிறும் வேண்டாம். வரிசையில் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கும்போது எந்த அண்ணனும் கத்தரிக்கோலோடு முக்கால் மணி நேரம் உங்களுக்கு ஒதுக்க மாட்டார். வார நாளில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போங்கள். முந்தின நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல், முடியை அதன் போக்கில் காயவிட்டுப் போகவேண்டும். உங்கள் முடி எந்தப் பக்கம் விழுகிறது, சுழி எங்கே இருக்கிறது என்று அவர் பார்க்க வேண்டுமே.

போனில் இரண்டு படம் வைத்திருங்கள், ஒன்று முன்னாலிருந்து, ஒன்று பக்கவாட்டில். நடிகர் படம் பரவாயில்லை, ஆனால் உங்கள் முடி மாதிரியே முடி உள்ளவராக இருக்கட்டும். சுருட்டை முடிக்காரர் நேர் முடிக்காரரின் படத்தைக் காட்டினால் சலூன் அண்ணன் என்ன செய்வார், பாவம்.

இனி முக்கியமானது. துணியைக் கழுத்தில் கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, சைட்ல மெசின் வேணாம். முழுக்கக் கத்தரிக்கோல்தான்." கட்டிய பிறகு சொன்னால் தாமதம். மெசினைக் கையில் எடுப்பது அவர்களுக்குப் பழக்க தோஷம், பேசிக்கொண்டே காதுக்கு மேலே ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் ஆறு மாத வளர்ப்பு தரையில் கிடக்கும். நல்ல சலூன் அண்ணன்கள் "ஏன் தம்பி, நீட்டா இருக்காதே" என்பார்கள். நீட்டாக இல்லாமல் இருப்பதுதான் வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

அளவைச் சென்டிமீட்டரில் சொன்னால் யாருக்கும் பிடிபடாது, விரலில் சொல்லுங்கள். உச்சியில் ஆறு விரல். பக்கத்தில் காதைத் தொட்டு "இங்க வரைக்கும்". பின்னால் கொலரைத் தொட்டு "இங்க வரைக்கும்". சுழி இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு விரல் கூடுதலாக விடச் சொல்லுங்கள், குட்டையாக வெட்டினால் அங்கே முடி குத்திட்டு நிற்கும்.

வெட்டுகிற விதம் இப்படி. ஒரு பிடி முடியைத் தலையிலிருந்து நேராகத் தூக்கிப் பிடித்து, கத்தரிக்கோலைக் குறுக்கே வைக்காமல், அதன் முனை விரல்களை நோக்கி இருக்கும்படி பிடித்து நுனியைக் கொத்திக் கொத்தி எடுக்க வேண்டும். குறுக்கே ஒரே வெட்டாக வெட்டினால் கோடு விழுந்து, கவிழ்த்த சட்டி ஆகிவிடும். கண்ணாடியைப் பார்ப்பதைவிட மடியில் விரித்த துணியைப் பாருங்கள். கற்றை கற்றையாக நீள முடி விழுந்தால் பேச வேண்டிய நேரம். டஸ்ட் தேயிலை மாதிரி பொடிப்பொடியாக விழுந்தால் அண்ணன் சரியாகப் போகிறார், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.

பல்லுள்ள கத்தரிக்கோல் ஒன்று எல்லாச் சலூனிலும் இருக்கும், முடி அடர்த்தியைக் குறைக்க. அதை நுனிப் பாதியில் போட்டால் நல்லது. வேர்ப் பக்கம் போட்டால் இரண்டு வாரத்தில் குட்டை முடிகள் உள்ளிருந்து மேல் முடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும், ஈரக்காற்றில் இன்னும் மோசம். வகிட்டுப் பக்கம் அதைக் கொண்டுபோகவே விடாதீர்கள். முடி மெல்லியவருக்கு அது தேவையே இல்லை.

நெற்றி முடியைக் கடைசியில், காய்ந்த பிறகு வெட்டச் சொல்லுங்கள். ஈர முடி நீண்டு தெரியும், காய்ந்ததும் மேலே ஏறும். ஈரத்தில் புருவத்தோடு நிறுத்தினால், காய்ந்ததும் பாதி நெற்றி வெளியே தெரியும். அவசரமென்று ஈரத்திலேயே வெட்டுவதானால் மூக்கின் நடுவரை விடுவது பாதுகாப்பு, சுருட்டை முடிக்கு இன்னும் கொஞ்சம் கீழே.

முடிக்கும்போது காதைச் சுற்றியும் பிடரியிலும் பிளேடு போட்டு எல்லை கட்டுவது நம் சலூன் வழக்கம். கழுத்துக்குக் கீழே இருக்கிற உதிரி முடியை எடுக்கட்டும், அதோடு போதும். அப்புறம் தண்ணீர் தெளித்து, வகிடெடுத்து, பள்ளிக்கூடப் படம் எடுக்கப் போகிறவன் மாதிரி படியப் படிய வாரிவிடுவார். கண்ணாடியில் அதைப் பார்த்து மிரள வேண்டாம். ஜெல் டப்பாவைத் திறந்தால் மட்டும் தடுத்துவிட்டு, காசைக் கொடுத்துவிட்டு, வெளியே வந்து இரண்டு கையாலும் தலையைக் கலையுங்கள்.

வீட்டில்

மலையில் ஏன் முடி நிற்பதில்லை என்று தெரிந்தால் வேலை பாதி குறையும். முடியின் புரதத்தில் ஹைட்ரஜன் பிணைப்புகள் இருக்கின்றன. தண்ணீர் பட்டால் அவை விட்டுப்போகும், காயும்போது முடி எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவில் மறுபடி சேரும். சூடான சுருட்டும் கம்பியால் சுருட்டியதும் டிரையரால் நிமிர்த்தியதும் இந்தப் பிணைப்பை நம்பித்தான் நிற்கின்றன. பனி மூட்டம் பட்டதும் போச்சு. உங்கள் முடிக்குப் பிறவியிலேயே உள்ள வளைவு வேறு, அது கந்தகப் பிணைப்பில் நிற்கிறது, மழையில் போகாது. எனவே முடிக்கு இல்லாத வளைவை வரவழைக்காமல், இருக்கிற வளைவைத் தூக்கிக் காட்டுவதுதான் நமக்குத் தோது. ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டுகிற கினிகத்தேனைப் பக்கம் இருந்துகொண்டு வேறு வழி தேடுவது வீண்.

வாரத்துக்கு இரண்டு தடவை ஷாம்பு போதும். கண்டிஷனர் நுனிக்கு மட்டும். துவாயால் பரபரவென்று தேய்க்காதீர்கள், பழைய பருத்திச் சாரம் ஒன்றை எடுத்து, முடியை நுனியிலிருந்து மேல்நோக்கிப் பொத்திப் பொத்தி ஈரத்தை எடுங்கள். விலை கூடிய மைக்ரோஃபைபர் துவாய் வாங்கிப் பார்த்தேன், சாரத்தைவிடப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. முடி ஈரமாக இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் ஒரு தடவை வாருங்கள். அதன் பிறகு அன்றைக்குச் சீப்பே கிடையாது.

உப்புத் தண்ணீர் ஸ்பிரே கடையில் வாங்க வேண்டாம். 250 மில்லிலீட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி கண்டிஷனர். ஸ்பிரே போத்தலில் ஊற்றிக் குலுக்கினால் முடிந்தது, ஒரு வாரத்தில் புதிதாகச் செய்துகொள்ளுங்கள். பாதி ஈரமான முடியில் நாலைந்து தடவை அடித்து, நுனியை உள்ளங்கையில் ஏந்தி வேர்ப்பக்கம் தள்ளிக் கசக்கிப் பிடியுங்கள். ஐந்து எண்ணிவிட்டு விடுங்கள். தலை முழுக்க இப்படி. பிறகு கையை எடுத்துவிட வேண்டும், காய்கிறதா என்று தடவிக்கொண்டே இருந்தால் பொங்கிப்போகும்.

டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில், தலையைக் குனிந்துகொண்டு, வேர்களுக்கு மட்டும். இல்லாவிட்டால் அடுப்பங்கரையில் உட்காரலாம் என்று தோன்றும். விறகடுப்பென்றால் வேண்டாம், முடி புகையை இழுத்து வைத்துக்கொள்ளும்.

காய்ந்தபின் மினுக்கம் இல்லாத மெட் பேஸ்ட், ஒரு பயறளவு. உள்ளங்கையில் காணாமல் போகும் வரை தேய்த்து, நுனிகளை மட்டும் விரலால் பிரித்துவிடுங்கள். ஜெல் எனக்கு அறவே பிடிக்காது, காய்ந்தால் வெள்ளைப் பொடி, தூறல் பட்டால் பசை. வெக்ஸ் ஈரத்தைத் தாங்கும், ஆனால் ஒரு ஷாம்புவில் போகாது.

தேங்காய் எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. அது 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். நுவரெலியாவின் சராசரியே 16 பாகை என்பதால் போத்தலுக்குள் அது எப்போதும் வெள்ளைக் கட்டிதான். கரண்டிக் காம்பால் தோண்டி எடுக்கும்போது தேவையைவிட மூன்று மடங்கு வந்துவிடும். அடுப்போரம் வைத்து உருக்கி இரண்டு சொட்டு எடுங்கள், குளிப்பதற்கு முந்தின இரவு வையுங்கள். "எண்ணெ வைக்காம அலையிறியே" என்று அம்மா கேட்பதும் அதோடு நிற்கும்.

குல்லா போடுகிறவர்கள் முடி நன்றாகக் காய்ந்த பிறகே போடுங்கள். ஈரத்தில் போட்டால் குல்லாவின் வடிவிலேயே முடி செட் ஆகிவிடும். வெளியில் தூறலில் நனைந்தால் சீப்பைத் தேடாதீர்கள், நனைந்த முடியையே கையால் நாலு கசக்குக் கசக்கி விடுங்கள். காய்ந்ததும் பழையபடி வரும்.

எட்டு முதல் பத்து வாரத்துக்கு ஒரு தடவை சலூன் போதும். நெற்றி முடியை மட்டும் மாதம் ஒரு தடவை நுனி கொத்தலாம்.

கேள்விகள் வந்தபின் சேர்த்தது

பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பி, உப்பு ஸ்பிரே போட்டால் வைக்கோல் ஆகிறது என்று எழுதியிருந்தார். நியாயம்தான். ஹட்டன் பக்கம் மழை கொட்டுகிற ஜூன், ஜூலையில் பண்டாரவளை இருக்கிற ஊவாவில் வறட்டுக் காற்று. அந்த மாதங்களில் உப்பைக் கால் தேக்கரண்டியாகக் குறைத்து, கண்டிஷனரை ஒரு தேக்கரண்டியாக்குங்கள். சுருட்டை முடிக்காரர்கள் எந்த ஊரானாலும் உப்பையே விட்டுவிடலாம்.

கம்பி மாதிரி நேர் முடி உள்ளவர்கள் பலர் கேட்கிறார்கள். இரவில் லேசான ஈரத்தில் முடியை நாலைந்து பிரிவாக முறுக்கி, ரப்பர் போட்டுத் தூங்கி, காலையில் அவிழ்த்துக் கலையுங்கள். தூறல் இல்லாத நாளுக்கு மட்டும் இது சரிவரும், காரணம் மேலே சொன்னதுதான்.

நேர்முகப் பரீட்சை, பெண் பார்க்கப் போவது மாதிரி நாட்களுக்கு வெட்டத் தேவையில்லை. ஈரத்தில் பக்க வகிடெடுத்து, இரண்டு சொட்டு எண்ணெய் தடவி, பக்கத்து முடியைக் காதுக்குப் பின்னால் செருகுங்கள். பிடரி கொலருக்குள் போகிற மாதிரி சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது.