இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று: புதுச்சேரியிலிருந்து பாரிஸ் போக ஒரு செய்முறை

புதுச்சேரிக்காரர்களுக்குப் பாரிஸ் அந்நியமான ஊர் இல்லை. சொந்தத்தில் ஒருவராவது பிரான்ஸில் இருப்பார், "பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வாங்களேன்" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் கூப்பிடுவார். மூத்ததுக்கு மூன்று வயது, இளையது இன்னும் தவழ்கிறது என்ற நிலையில் அந்த அழைப்பை எப்படி நிறைவேற்றுவது? முதல் தடவை வெளிநாடு போகிறவர்களை மனத்தில் வைத்து, எதை முதலில் செய்ய வேண்டுமோ அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். கடலூர்க்காரர்களுக்கும் இதே கதைதான், கார் பயணம் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

படி 1: ஒரே ஊர், சரியான மாதம்

பத்து நாளில் ஐந்து நாடு என்ற பேக்கேஜை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டவேண்டும், தூங்கும் பிள்ளையை எழுப்பவேண்டும், புது அறையில் மறுபடி தூங்கவைக்கவேண்டும். பாரிஸ் என்றால் பாரிஸ் மட்டும்.

மாதம் என்று கேட்டால் நான் செப்டம்பரைச் சொல்வேன். பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்பட்டவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் டிக்கெட் விலையை ஏற்றிவிடுவார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் பள்ளியே இல்லை, அந்தச் சலுகை இன்னும் இரண்டு வருடம்தான். ஆகஸ்டில் பாரிஸ்காரர்களே ஊரைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவதால் பல கடைகள் மூடியிருக்கும். டிசம்பரில் ஒவ்வொரு முறை வெளியே கிளம்பும்போதும் இரண்டு பிள்ளைகளுக்கும் நாலு அடுக்கு உடுப்பு மாட்ட வேண்டியிருக்கும். நம் ஊர் ஈரக் காற்றில் வளர்ந்தவர்களுக்குச் செப்டம்பர் குளிரே போதும்.

படி 2: பிறப்புச் சான்றிதழ், பிறகு பாஸ்போர்ட்

கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழை மட்டுமே ஏற்கிறார்கள். ஆகவே அந்தத் தாளை எடுத்து ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். பெயர் இருக்கவேண்டிய இடம் பல வீடுகளில் காலியாகவே இருக்கும், ஏனென்றால் பேர் வைப்பதற்கு முன்னாலேயே பிறப்பைப் பதிந்திருப்பார்கள். புதுச்சேரி நகராட்சியோ, உழவர்கரை நகராட்சியோ, கடலூர் மாநகராட்சியோ, பதிந்த இடத்தில் பெயரைச் சேர்த்துப் புதுச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள்.

அடுத்த சிக்கல் இனிஷியல். பாஸ்போர்ட்டில் "எஸ்." என்று ஒற்றை எழுத்துப் போட முடியாது, விரித்து எழுதவேண்டும். சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி, அப்பாவின் பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி என்று இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். விசா மேசையில் போய் நின்றுகொண்டு திருத்த முடியாது.

பெற்றோர் இருவரும் அனெக்சர் டி என்ற உறுதிமொழியில் கையெழுத்துப் போடவேண்டும். நாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படத்தை நீங்களே கொண்டுபோகவேண்டும். கண் திறந்திருக்கவேண்டும், வேறு யார் கையும் படத்தில் தெரியக்கூடாது. கட்டிலில் வெள்ளை வேட்டியை விரித்துக் கிடத்தி, மேலேயிருந்து எடுப்பதுதான் சுலபம். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும்.

படி 3: ஷெங்கன் விசா

பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா இது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் இடைவெளி வேண்டும் என்பது விதி, ஆனால் முடிவு சொல்ல 45 நாள்வரை இழுக்கலாம் என்பதும் விதிதான். மூன்று மாதம் முன்பே போடுங்கள். கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. ஆறு வயதுக்குக் கீழ் விசாக் கட்டணம் கிடையாது, 12 வயதுக்குக் கீழ் கைரேகையும் கிடையாது. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி விண்ணப்பம் உண்டு, அதில் அப்பா அம்மா இருவர் கையெழுத்தும் வேண்டும். பயணக் காப்பீடு ஒவ்வொருவருக்கும் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கவேண்டும்.

சொந்தக்காரர் வீட்டில் தங்குவதானால் நம்மூர் வழக்கப்படி ஒரு அழைப்புக் கடிதம் போதாது. அவர் தன் ஊர் மேரிக்கு, அதாவது நகராட்சி அலுவலகத்துக்குப் போய் 'அத்தெஸ்தசியோன் தக்கேய்' என்ற சான்றை வாங்கி, அசலை உங்களுக்கு அனுப்பவேண்டும். கடற்கரைச் சாலையில் மறுபடி கட்டியிருக்கிறார்களே அந்த மேரிதான், பிரான்ஸில் ஊருக்கு ஊர் இருக்கிறது. சான்றுக்கு நாள் பிடிக்கும், அத்தையைச் சீக்கிரமே முடுக்கிவிடுங்கள்.

படி 4: டிக்கெட்

இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை மடியில் வரலாம், கட்டணம் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்கு அருகில் இருக்கும். பாரிஸில் இருக்கும்போதே இரண்டாவது பிறந்தநாள் வந்துவிட்டால் திரும்பி வரும் விமானத்துக்கு முழு இருக்கை வாங்கவேண்டும். டிக்கெட் போட்ட கையோடு விமான நிறுவனத்தை அழைத்து 'பேசினெட்' கேளுங்கள். முன்சுவரில் மாட்டும் தொட்டில் அது. எண்ணிக்கை குறைவு, எடை வரம்பும் உண்டு. பத்து கிலோவைத் தொட்ட பிள்ளையானால் வரம்பு எத்தனை என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

படி 5: வீடு. இதில்தான் பயணமே இருக்கிறது

எல்லோரும் ஈஃபில் கோபுர டிக்கெட்டில் ஆரம்பிப்பார்கள். நீங்கள் வீட்டில் ஆரம்பியுங்கள். இளையது மதியம் தூங்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தைச் சுற்றித்தான் உங்கள் நாள் சுழலப்போகிறது. பார்க்கும் இடத்திலிருந்து அரைமணிக்குள் திரும்பி வர முடிகிற வீடாக இருந்தால் நாள் இரண்டாக உடையும்: காலையில் ஒரு சுற்று, தூக்கம், மாலையில் ஒரு சுற்று. வீடு தூரமாகப் போனால் அந்தத் தூக்கம் ஸ்ட்ரோலரில்தான், மாலை அழுகைதான்.

அதனால்தான் முழுப் பயணத்தையும் சொந்தக்காரர் வீட்டில் கழிக்க நான் சொல்லமாட்டேன். நம்மவர்கள் பலர் சார்செல் மாதிரிப் புறநகரில் இருக்கிறார்கள். தினமும் ரயில் ஏறி வந்து போவதற்குள் பிள்ளை சோர்ந்துவிடும். வார இறுதிக்கு அங்கே போங்கள், விருந்து சாப்பிடுங்கள். மற்ற நாட்களுக்கு நகருக்குள் சமையலறை உள்ள ஒரு சின்ன வீடு எடுங்கள். அத்தை கோபித்துக்கொண்டால் பழியைப் பிள்ளைமேல் போடலாம், அதற்குத்தானே இருக்கிறது.

சமையலறை ஏன் என்றால், அங்கே உணவகங்களில் இரவுச் சாப்பாடு ஏழு, ஏழரைக்குத்தான் தொடங்கும். அதற்குள் உங்கள் பிள்ளைகள் ரசம் சாதம் சாப்பிட்டுப் படுத்திருக்கவேண்டும்.

வீட்டுக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். லிஃப்ட் இருக்கிறதா? பழைய கட்டடங்களில் ஐந்தாவது மாடிக்கும் வளைந்த மரப்படிதான். ஜன்னலுக்கு ஷட்டரோ கனத்த திரையோ உண்டா? துணி துவைக்கும் மெஷின் உண்டா? மற்றதெல்லாம் பரவாயில்லை.

படி 6: தூளியிலிருந்து இறக்குங்கள்

தூளியில் தூங்கிப் பழகிய பிள்ளை தட்டையான கட்டிலில் சட்டென்று படுக்காது. பாரிஸ் வீட்டில் புடவை கட்டக் கொக்கியும் இருக்காது. கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே பகல் தூக்கத்தைப் பாய்க்கு மாற்றுங்கள், பிறகு இரவுத் தூக்கத்தை. பாட்டி எதிர்ப்பார், தாக்குப்பிடியுங்கள். துவைக்காத ஒரு பழைய புடவைத் துண்டைப் பெட்டியில் வையுங்கள், அம்மா வாசனைக்கு.

இதே சமயத்தில் மருத்துவரையும் பாருங்கள். தடுப்பூசி அட்டவணையில் பாக்கி இருக்கிறதா, காய்ச்சல் மருந்து எத்தனை மில்லி என்று எழுதி வாங்குங்கள்.

படி 7: பெட்டி

வெளிநாடு போகும் பிள்ளைக்கு வீட்டார் கட்டித் தருவதில் பாதி ஐரோப்பிய எல்லைக்குள் போகாது. இறைச்சியும் பால் பொருட்களும் தடை. நெய், பால்கோவா, பால் சேர்ந்த இனிப்பு எல்லாம் இதில் அடங்கும். விதிவிலக்கு குழந்தைப் பால்பவுடரும் குழந்தை உணவும்தான்: குளிர்ப்பதனம் தேவைப்படாத, பிரிக்காத கம்பெனி டப்பாவாக, ஆளுக்கு 2 கிலோவரை. மாம்பழம், கறிவேப்பிலை, வெற்றிலைக்குத் தாவர நலச் சான்று வேண்டும். வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் வேண்டாம். கடலூர்க்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி: கருவாடு 20 கிலோவரை கொண்டுபோகலாம். பக்கத்து வீட்டு பிரெஞ்சுக்காரர் என்ன சொல்வார் என்பது வேறு விஷயம்.

கேழ்வரகு மாவு, பால் கலக்காத சத்துமாவு, கொஞ்சம் அரிசி, பருப்புப்பொடி போதும். டயபர் இரண்டு நாளைக்கு மட்டும் எடுங்கள், மீதியை அங்கே சூப்பர் மார்க்கெட்டில் வாங்கலாம். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு பல கடைகள் மூடிவிடும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். பால் வாங்கும்போது சிவப்பு மூடியைப் பாருங்கள். அதுதான் முழுக் கொழுப்புப் பால், நீல மூடி கொழுப்பு குறைத்தது. மின்சாரம் நம்மைப் போல 230 வோல்ட், மூன்று முள் ப்ளக் மட்டும் பொருந்தாது, அதற்கு அடாப்டர் வேண்டும்.

ஸ்ட்ரோலர் சின்னதாக, ஒரு கையால் மடக்கக்கூடியதாக இருக்கட்டும். அதோடு மார்பில் கட்டும் கேரியர் ஒன்று. இரண்டும் வேண்டும், காரணம் படி 9-இல்.

படி 8: கிளம்பும் நாள்

சென்னை விமான நிலையத்துக்கு ஈசிஆரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம், கடலூரிலிருந்து இன்னும் முக்கால் மணி. வளைகுடா வழி விமானங்கள் பல விடியற்காலையில் கிளம்பும். நள்ளிரவில் பிள்ளைகளை எழுப்பிக் காரில் ஏற்றுவதைவிட, மாலையே போய் மீனம்பாக்கம் பக்கம் படுத்து எழுவது மேல்.

குழந்தைக்கு வேண்டிய பால், உணவு, மருந்துக்கு 100 மில்லி கட்டுப்பாடு கிடையாது, சோதனையில் தனியே எடுத்துக் காட்டினால் போதும். விமானம் ஏறும்போதும், அதைவிட முக்கியமாக இறங்கும்போதும், இளையதுக்குப் பால் கொடுங்கள். விழுங்கினால் காது அடைப்பு விடும்.

பாரிஸில் இறங்கியதும் 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறை இருக்கிறது. பெரியவர்களுக்குக் கைரேகையும் படமும், 12 வயதுக்குக் கீழ் படம் மட்டும். வரிசை நீளும், கையில் பிஸ்கட் இருக்கட்டும். சார்ல் தெ கோல் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் போக டாக்சிக்கு நிர்ணயித்த கட்டணம் உண்டு: 2025 கணக்கில் ஸேன் ஆற்றின் வலது (வடக்கு) கரைக்கு 56 யூரோ, இடது (தெற்கு) கரைக்கு 65. இரண்டு பிள்ளை, மூன்று பெட்டியோடு ரயிலில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

படி 9: அங்கே ஒரு நாள்

செப்டம்பரில் பாரிஸ் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். இங்கே ஆறரைக்கு எழும் பிள்ளை அங்கே மூன்று மணிக்குக் கண் விழிக்கும். விளக்கைப் போடாமல், பேச்சுக் கொடுக்காமல் படுக்கவையுங்கள். பகலில் நல்ல வெளிச்சத்தில் விளையாடவிட்டு, மாலையில் படுக்கும் நேரத்தைத் தினமும் ஒரு மணி நேரம் தள்ளினால் சீராகிவிடும்.

நாலு வயதுக்குக் கீழ் மெட்ரோவிலும் பேருந்திலும் இலவசம். ஆனால் மெட்ரோ நிலையங்கள் பலவற்றில் லிஃப்ட் இல்லை, படிதான். லைன் 14 மட்டும் முழுக்க லிஃப்ட் உள்ளது. மற்ற இடங்களுக்குப் பேருந்தையே பிடியுங்கள், ஸ்ட்ரோலரை மடக்காமல் நிறுத்த நடுவில் இடம் இருக்கும். மெட்ரோ தவிர்க்க முடியாதபோது இளையது கேரியரில், ஸ்ட்ரோலர் தோளில்.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய இடம். லூவ்ர் 18 வயதுக்குக் கீழ் இலவசம், செவ்வாய் விடுமுறை. உள்ளே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். ஈஃபில் கோபுரத்தை மேலே ஏறாமல் புல்வெளியிலிருந்து பார்ப்பதே இந்த வயதுக்குப் போதும். பிள்ளைகளுக்கான பாரிஸ் பூங்காக்களில்தான் இருக்கிறது. லுக்ஸாம்பூர் தோட்டத்துக் குளத்தில் பொம்மைப் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்துக் குச்சியால் தள்ளிவிடலாம், பொம்மலாட்டமும் உண்டு. ழார்தென் தே பிளாந்த் தாவரவியல் தோட்டத்துக்குள் 1794-இல் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை இருக்கிறது, சிறியது, மூன்று வயதுக் கால்களுக்கு ஏற்றது. தாகத்துக்கு வழியில் பச்சை வார்ப்பிரும்பு வாலஸ் குழாய்கள், அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம்.

இட்லிக்கு ஏங்கினால் லா ஷப்பேல் பக்கம் போங்கள். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும், அருகிலேயே மாணிக்க விநாயகர் ஆலயம்.

உடம்புக்கு ஏதாவது என்றால் பச்சைச் சிலுவை விளக்கு எரியும் மருந்துக்கடை. பாராசிட்டமால் அங்கே 'தோலிப்ரான்', பிள்ளையின் எடையைக் கேட்டுத்தான் அளவு சொல்வார்கள், ஆகவே கிளம்பும் வாரம் இருவரையும் எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவசர மருத்துவ உதவிக்கு 15, ஐரோப்பா முழுவதற்கும் 112. இரண்டு எண்ணையும் போனிலும் ஃபிரிட்ஜ் கதவிலும் எழுதிவையுங்கள்.