ஏ.பி.எஸ் விளக்கு எரிந்தவுடன் சென்சர் வாங்கப் போகாதீர்கள்

திடீரென பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பான ஏ.பி.எஸ்ஸின் மஞ்சள் விளக்கு காரில் எரிந்ததும் கொழும்பில் பலர் செய்வது, பக்கத்துக் கராஜில் ஸ்கேன் செய்வித்து, கிடைத்த கோளாறுக் குறியீட்டுடன் நேரே உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குச் சென்று, சக்கரத்தின் வேகத்தை அறியும் சென்சர் ஒன்றை வாங்கிவருவதுதான். புதியதைப் பூட்டிய மறுநாளே விளக்கு மீண்டும் எரிந்தால் விற்றவரைக் குறை சொல்கிறோம். தவறு பெரும்பாலும் அதற்கு முன்பே நடந்திருக்கும்.

குறியீடு பழுதான பாகத்தின் பெயரன்று. டொயோட்டா வாகனங்களில் சி0205 என்பது முன் இடது சக்கரத்தின் வேகச் சமிக்ஞை சரியாக வரவில்லை என்று மட்டுமே சொல்கிறது. குறை சென்சரிலோ, வயரிலோ, கொனெக்டரிலோ, சென்சர் வாசிக்கும் பல் வளையத்திலோ இருக்கலாம். இடதும் வலதும் சாரதி ஆசனத்திலிருந்து பார்க்கும் திசைகள். காரின் முன்னால் நின்று பார்த்து நல்ல சக்கரத்தைக் கழற்றியவர்களும் உண்டு. மலிவான ஸ்கேனர்கள் பல எஞ்சின் குறியீடுகளை மட்டுமே வாசிப்பதால், அவை "கோளாறு இல்லை" என்று காட்டுவதை நம்பிவிடவும் கூடாது.

சக்கரம் திரும்பும்போதெல்லாம் வளையும் இடத்தில் வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கலாம். வெள்ளவத்தைக் கடற்கரையோரம் நிறுத்தப்படும் கார்களிலும், வெல்லம்பிட்டிய வெள்ளத்தில் ஓடிய கார்களிலும் கொனெக்டரைத் திறந்து பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. சோதிப்பதற்காக வயரில் ஊசி குத்துவது, ஈரம் நுழைய நாமே வழி திறந்துவிடுவதாகும்.

மல்டிமீற்றரில் நடக்கும் தவறுதான் அதிகச் செலவு வைக்கிறது. காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட பழைய வகைச் சென்சரில் ஏறத்தாழ 1,000 ஓம் அளவில் மின்தடை காணப்படும். சக்கரத்தைக் கையால் சுழற்றினால் சிறிய மாறுதிசை மின்னழுத்தமும் தோன்றும். இன்று ஓடும் ஜப்பானிய ஹைபிரிட் கார்கள் பலவற்றில் உள்ளதோ, ஏ.பி.எஸ் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து மின்சாரம் பெற்று, 7 மில்லி அம்பியருக்கும் 14 மில்லி அம்பியருக்கும் இடையே மாறி மாறிச் சமிக்ஞை அனுப்பும் வகை. அதை ஓம் அளவையில் சோதித்து "செத்துவிட்டது" என்று தீர்ப்பளிப்பதற்கு அர்த்தமே இல்லை. சாவியைத் திருப்பியபின் கொனெக்டருக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, நேர்ச்சாலையில் ஓடும்போது நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஸ்கேனரில் ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்தாலோ விட்டுவிட்டு வந்தாலோ குறை அங்கேதான். டயர் அளவு வேறுபட்டாலும் எண்கள் விலகும் என்பதால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்மையில் சக்கரத்தின் பெயாரிங் மாற்றியிருந்தால் சந்தேகம் அங்கிருந்தே தொடங்கட்டும். பல கார்களில் பெயாரிங்கின் ஒரு பக்க மூடியிலேயே காந்த வளையம் இருக்கிறது. திருப்பிப் பூட்டினால் சென்சருக்கு வாசிக்க எதுவும் இராது. நிறுத்தப்போகும் தறுவாயில் மெதுவேகத்தில் பிரேக் மிதி அதிர்ந்தால், வளையத்தில் துருவோ வெடிப்போ இருக்கக்கூடும். அப்போது குறியீடே பதியாமலும் போகலாம்.

ஏ.பி.எஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும்; திடீரென மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. சிவப்பு விளக்கும் சேர்ந்து எரிந்தால் சென்சரைத் தேடாமல் வாகனத்தை நிறுத்தி, பிரேக் எண்ணெயைப் பாருங்கள்.

குறியீட்டை எழுதி வைக்காமல் அழிக்க வேண்டாம். திருத்திய பிறகும் பல கார்களில் சக்கரங்கள் ஓரளவு வேகத்தில் ஓடும்வரை விளக்கு அணையாது. கொழும்பின் காலி வீதி நெரிசலில் அது நடக்காது என்பதால், ஞாயிறு அதிகாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.