கழுத்து ஸ்கேன்: பல்பைப் பார்க்காமல் புரோபை எடுக்காதீர்கள்

பாளையங்கோட்டையில் என்னிடம் பழக வருகிற இளம் டாக்டர்கள் கரோடிட் (மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாய்) ஸ்கேன் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். இதய நோய் வரும் வாய்ப்பைக் கணிக்கத்தான் பெரும்பாலும் இந்த ஸ்கேன் கேட்டு அனுப்புகிறார்கள். ஆரம்பத்தில் நான் செய்த அதே பிழைகளை இவர்களும் செய்கிறார்கள். ஜெல் போதாதது, புரோபை (கழுத்தில் வைத்து நகர்த்தும் ஸ்கேன் கருவி) அழுத்திப் பிடிப்பது எல்லாம் ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு எண்ணோடு நின்றுவிடுவது

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சி வந்தார். வயது 58, சர்க்கரை உண்டு, பீடி உண்டு. பொதுக் கரோடிட் குழாயின் தூரச் சுவரில் (புரோபுக்கு எதிர்ப்பக்கச் சுவர்), பல்புக்கு (குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்தில் சற்று உப்பிய பகுதி) முந்தைய 1 செ.மீ. இடத்தில் சுவர்த் தடிமனை அளந்தேன். தடிமனின் எல்லையைக் காட்டும் இரண்டு கோடும் ரூல் போட்டு இழுத்த மாதிரி தெரிந்தன. இரு பக்கமும் 0.7 மி.மீ. "ஹார்ட்டுக்குப் பயம் இல்ல அண்ணாச்சி" என்று வாயாலும் சொல்லி அனுப்பினேன்.

எட்டு மாதத்தில் நெஞ்சுவலி, ஆஞ்சியோ, இரண்டு ஸ்டென்ட். அப்புறம் மறுபடி என்னிடமே வந்தார். "நல்லா இருக்குன்னு சொன்னியளே தம்பி, அதான் பீடிய விடல." குரலில் கோபமே இல்லை. அன்றைக்குப் புரோபை இரண்டு செ.மீ. மேலே நகர்த்தினேன். பல்பின் பின்சுவரில் 2.4 மி.மீ. பிளேக் (சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு). எட்டு மாதத்தில் முளைத்தது இல்லை அது. முதல் தடவை நான் அங்கே போகவே இல்லை.

குழாய் இரண்டாகப் பிரிகிற அந்த இடத்தில், வெளிச்சுவர் ஓரமாக ரத்தம் சுழன்று மெதுவாக ஓடும். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் சுணங்குகிற ஓரத்தில் வண்டல் படிவதைப் பார்த்திருப்பீர்கள். கொழுப்பும் அப்படித்தான் அங்கே முதலில் படியும். நேராக ஓடுகிற பகுதியில் சுவர் சுத்தமாக இருப்பதை வைத்துப் பல்பைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

சுவர்த் தடிமனை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2010இல் இந்த அளவீட்டை ஓரளவு ஆதரித்தன. 2013இல் வழக்கமான கணிப்புக்கு வேண்டாம் என்றன. வயது, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகை ஆகியவற்றை வைத்துப் போடும் கணக்கோடு இதைச் சேர்த்தால் கூடுதலாகக் கிடைப்பது மிகக் கொஞ்சம். 2021 ஐரோப்பிய வழிகாட்டுதலும் தடிமனை ஒதுக்கிவிட்டு, பிளேக் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் இடம் கொடுத்தது.

அதனால் முதலில் குறுக்குவாட்டில், கழுத்தடியிலிருந்து தாடை எலும்பு வரை புரோபை நிதானமாக ஓட்டுங்கள். பிறகு நெடுக்குவாட்டில். சுவர் 1.5 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தாலோ, குழாய்க்குள் 0.5 மி.மீ. துருத்திக்கொண்டிருந்தாலோ அது பிளேக். மென்மையான பிளேக் ரத்தம் போலவே கறுப்பாகத் தெரியும். கலர் டாப்ளர் (ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் வசதி) போட்டால் நிறம் நிரம்பாத இடமாகக் காட்டிக்கொடுக்கும். இந்த வேலைக்கு ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும். வெளியே இருபது பேர் காத்திருந்தாலும் அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். இதை இன்றும் யாராவது விடும்போது எனக்குக் கோபம் வருகிறது.

கிட்டச் சுவரில் (புரோபை ஒட்டிய பக்கம்) அளப்பது

வேண்டாம்.

துடிப்பைக் கவனிக்காமல் படத்தை நிறுத்துவது

இதயம் சுருங்கும்போது குழாய் விரியும், சுவர் மெலியும். அதனால் இ.சி.ஜி.யில் ஆர் அலை (இதயம் சுருங்கத் தொடங்கும்போது வரும் உயரமான முனை) வரும் நேரத்தில் நிறுத்துங்கள்.

எல்லா வயதுக்கும் ஒரே அளவுகோல்

40 வயதுக்காரரிடம் சுவர்த் தடிமன் 0.9 மி.மீ. பார்த்தால் யோசிக்க வேண்டும். 75 வயதில் அது சாதாரணமாகக் காணக்கூடியது.

கழுத்தை வைத்து இதயத்துக்குச் சான்று கொடுப்பது

பல்பு உட்பட எல்லாம் சுத்தமாக இருந்தாலும் இதயக் குழாயில் அடைப்பு இருக்கலாம். ரிப்போர்ட்டில் "கழுத்துக் குழாயில் பிளேக் இல்லை" என்று மட்டும் எழுதுங்கள். மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது என்று படுக்கையில் ஏறும்போதே ஒருவர் சொன்னால், ஸ்கேன் எப்படி வந்தாலும் சரி, அன்றைக்கே இ.சி.ஜி. எடுத்து இதய மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள்.