சால்மன் பாடத்துக்குத் திலாப்பியா: சினை பார்ப்பது எப்படி?

உயர்தர உயிரியல் பிள்ளைகளுக்குச் சால்மன் ஒரு படம்தான். கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறும்போது இரை எடுப்பதை நிறுத்திவிடும். ஆணின் தாடை கொக்கியாக வளையும். தசையிலிருக்கும் அஸ்டாசாந்தின் என்ற செந்நிறமி தோலுக்கும் முட்டைக்கும் போகும். வன்னியில் அதைப் பார்க்க முடியாது. திலாப்பியாவில் இதில் பாதியைப் பார்க்கலாம். 1952இல் இலங்கைக்கு வந்த மொசாம்பிக் இனம் இதற்கு நல்லது.

1. குடல் எடுக்காத மீனாக வாங்குங்கள். இனப்பெருக்கக் கால ஆண் கறுத்து, கீழ்த்தாடை வெளுத்து, செட்டை ஓரம் சிவந்திருக்கும், வாயும் பெருத்திருக்கும்.

(பின்சேர்க்கை: "கறுப்பே இல்லையே" என்று சிலர் கேட்டிருந்தார்கள். செத்த மீனில் அந்த நிறம் மங்கிவிடும். இரணைமடு, வவுனிக்குளம் ஆகிய குளங்களின் பக்கம் இருப்பவர்கள் விடியவே கரைக்குப் போய் வாங்குங்கள்.)

2. ஆணா பெண்ணா? பலர் தடுமாறும் இடம் இதுதான். மீனை மல்லாத்தி, குதத்துக்குப் பின்னாலிருக்கும் சின்ன முனையைப் பாருங்கள். ஆணுக்கு அதில் நுனியில் ஒரே துளை. பெண்ணுக்கு இரண்டு: நுனியில் சிறுநீர்த் துளை, நடுவில் குறுக்கே ஒரு கீறல். முட்டை வருவது அந்தக் கீறலால். வெறுங்கண்ணுக்கு அது லேசில் பிடிபடாது. கேக்குக்குப் போடும் நீலக் கலரிங்கைப் பஞ்சில் தொட்டுத் தடவி, உடனே துடைத்துவிடுங்கள். கீறலில் நீலம் தங்கும். பூதக்கண்ணாடியைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சுகளில் முயல வேண்டாம், கண்தான் வலிக்கும்.

3. குதத்திலிருந்து தலைப்பக்கமாக மேலோட்டமாக வெட்டுங்கள். கத்தி வேண்டாம், சினை கிழியும். சின்னக் கத்தரிக்கோல் போதும். காற்றுப்பைக்குக் கீழே இரட்டையாகக் கிடப்பதுதான் சினைப்பை. ஆணில் அந்த இடத்தில் வெள்ளை நாடா மாதிரி விந்தகம்.

4. சினையை நிறுத்து, முழு மீனின் எடையால் வகுத்து, 100ஆல் பெருக்குங்கள். 200 கிராம் மீனில் 6 கிராம் சினை என்றால் 3 சதவீதம். நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். சமையல் தராசு இதற்குச் சரிவராது.

5. அப்புறம் முட்டைகளை வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். ஆறு ஏறும் சால்மனில் எல்லா முட்டையும் ஏறக்குறைய ஒரே அளவு. பசிபிக் சால்மன் ஒருமுறை முட்டையிட்டுச் செத்துப்போகும், அடுத்த ஈட்டுக்கு (அடுத்த முறை இடும் முட்டைகளுக்கு) வேலையே இல்லை. திலாப்பியாவில் பெரிய மஞ்சள் முட்டைகளுக்கிடையே வெளிறிய பொடி முட்டைகளும் இருக்கும். அவை அடுத்தடுத்த ஈடுகளுக்கு.

(இன்னொரு பின்சேர்க்கை: பெரிய பெண் மீன், ஆனால் சினையும் இல்லை, இரைப்பையும் காலி என்றால் பயப்பட வேண்டாம். முட்டையை வாயில் அடைகாத்த தாயாக இருக்கலாம்; அப்போது அது இரை எடுக்காது. வலையில் பட்டதும் முட்டையைத் துப்பிவிடும், அதனால் வாயிலும் ஒன்றும் இருக்காது.)