புளிப்புப் பழ ஸ்கோன்: மணம் தோலில், புளிப்பு மேற்பூச்சில்

லெமன் ஸ்கோன் (ஓவனில் சுடும் சிறிய, மிருதுவான இனிப்பு ரொட்டி) என்று சொல்லித் தட்டை நீட்டியும், கடித்தவர் "லெமன் எங்கே?" என்று கேட்கும்படி ஆவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: மாவில் சாறு போயிருக்கும், தோல் போயிருக்காது. லெமன், ஆரஞ்சு, கலமன்சி (உருண்டையான குட்டி எலுமிச்சை போன்ற பழம்) எதுவானாலும் மணம் தரும் எண்ணெய் தோலின் வெளிப்புறத்திலுள்ள நுண்ணிய பைகளில் இருக்கிறது. சாற்றில் பெரும்பங்கு தண்ணீரும் கொஞ்சம் சிட்ரிக் அமிலமும்தான். அதனால் தோல் துருவலை மாவுக்கும், சாற்றைச் சுட்டபின் பூசும் சீனிப்பூச்சுக்கும் ஒதுக்கிவிடுங்கள்.

சாற்றைத் தாராளமாக மாவில் ஊற்றினால் வேறு சங்கடங்களும் வரும். பேக்கிங் பவுடரில் இருக்கும் சோடா உப்பு அமிலத்தோடு சேர்ந்த மாத்திரத்தில் நுரைத்துவிடும். ஓவனுக்குள் மாவைத் தூக்கிவிட வேண்டிய வாயுவில் ஒரு பகுதி கிண்ணத்திலேயே போய்விடும். அமிலம் கூடினால் மேல்பக்கம் சிவப்பதும் குறையும். வெந்திருக்கும், ஆனால் வெளிறிக் கிடக்கும். புளிப்பு மாவிலேயே வேண்டும் என்பவர்கள் ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் சேர்க்காதீர்கள், அந்த அளவுக்குப் பாலைக் குறைத்துக்கொள்ளுங்கள். சாறு பட்டுப் பால் திரிந்தால் கவலைப்பட வேண்டாம், கெடுதல் இல்லை.

எட்டு ஸ்கோனுக்கு வேண்டியவை:

மைதா மாவு 250 கிராம்
பேக்கிங் பவுடர் 12 கிராம் (தலைதட்டி 3 தேக்கரண்டி)
நைஸ் சீனி 45 கிராம்
உப்பில்லாத வெண்ணெய் 65 கிராம்
உப்பு கால் தேக்கரண்டி
முட்டை 1
குளிர்ந்த பால் 80 முதல் 90 மில்லி
2 லெமன், அல்லது 1 பெரிய ஆரஞ்சும் 1 லெமனும் (தோல் துருவல் மட்டும்)
பூச்சுக்கு: ஐசிங் சீனி 100 கிராம், கலமன்சி சாறு 15 முதல் 20 மில்லி

உப்பு வெண்ணெய்தான் கைவசம் இருக்கிறது என்றால் தனி உப்பை விட்டுவிடுங்கள். செல்ஃப் ரைசிங் மாவு என்றால் அதிலேயே பேக்கிங் பவுடர் கலந்திருக்கும், மேற்கொண்டு ஒரு தேக்கரண்டி போதும். சப்பாத்திக்கு வாங்கிவைத்த ஆட்டா மாவு இதற்கு ஒத்துவராது. அதில் தவிடு உண்டு, தண்ணீரையும் அதிகம் இழுக்கும், ஸ்கோன் கனத்துப்போகும். வெள்ளிக்கிழமைகளில் முட்டை சேர்க்காத வீடுகளில் முட்டைக்கும் பாலுக்கும் பதிலாக 100 மில்லி விப்பிங் க்ரீமும் 40 மில்லி பாலும் ஊற்றலாம். இந்த முறையில் உள்ளே இன்னும் மிருதுவாகவே வரும். மேலே தடவவும் க்ரீம் போதும்.

பழம் எது?

லெமன் எல்லாவற்றிலும் சுலபம். தோல் கெட்டி, துருவ வசதி. கடைகளில் கிடைக்கும் இறக்குமதிப் பழங்களில் பளபளப்புக்காக மெழுகு பூசியிருப்பார்கள். வெந்நீரில் அரை நிமிடம் போட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுத் துருவுங்கள். ஈரத்தோடு துருவினால் துருவல் பற்களிலேயே ஒட்டிக்கொண்டு பாதி வீணாகும்.

ஆரஞ்சுத் தோலின் மணம் இனிமையானது, ஆனால் மென்மையானது. வெறும் ஆரஞ்சு போட்டால் வெண்ணெய் அதை அமுக்கிவிடும், கூட ஒரு லெமனின் தோலும் இருந்தால்தான் எடுப்பாகத் தெரியும். சீனப் புத்தாண்டு சமயத்தில் வீட்டில் குவியும் மாண்டரின் ஆரஞ்சுகளும் நல்லவைதான். அவற்றின் தோல் தளர்வாக இருப்பதால் உரித்தபின் துருவ முடியாது. பழம் முழுதாக, தோல் விறைப்பாக இருக்கும்போதே துருவி, சீனியில் பிசறி ஃப்ரீசரில் வைத்துவிட்டால் பண்டிகை முடிந்து சில வாரங்களுக்கும் கைகொடுக்கும்.

கலமன்சியின் தோல் மிக மெல்லியது. பத்துப் பன்னிரண்டு பழத்தைத் துருவினாலும் கிடைப்பது கொஞ்சம்தான், விரல் நுனிக்கும் ஆபத்து. அதன் பலம் சாற்றில். சுளீரென்ற அந்தப் புளிப்பு, சீனிப்பூச்சில் சேரும்போது லெமன் சாற்றைவிட நன்றாக நிற்கும். ஆகவே மாவுக்கு லெமன் தோல், பூச்சுக்குக் கலமன்சி சாறு என்ற சேர்க்கையைத்தான் முதலில் செய்துபாருங்கள் என்று சொல்வோம். விதை நிறைய இருக்கும், வடிகட்டியின் மேலேயே பிழியுங்கள்.

சிங்கப்பூரின் தேக்கா, கேலாங் சிராய் ஈரச்சந்தைகளில் தேடினால் லிமாவ் பூருட் கிடைக்கும், மேடு பள்ளமான பச்சைத் தோல் உடையது. அதன் மணம் மிகக் கூர்மை. அரைப் பழத்தின் தோலுக்கு மேல் போனால் ஸ்கோன் சோப்பு வாடை அடிக்கத் தொடங்கும். பொமெலோவை (பம்பளிமாஸ்) விட்டுவிடுங்கள், தோலுக்கு அடியில் உள்ள தடித்த வெள்ளைச் சதை ஒரே கசப்பு.

துருவலும் சீனியும்

அவசரத்தில் பலரும் தாண்டிப்போகும் படி இது, ஆனால் ஸ்கோனின் மணம் இங்கேதான் தீர்மானமாகிறது. நுண்ணிய பற்கள் உள்ள துருவியில் பழத்தை ஒரே இடத்தில் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை இழுங்கள். வெள்ளை தெரிந்ததும் பழத்தைத் திருப்பிவிட வேண்டும், அந்த வெள்ளைதான் கசப்பு. துருவல் நேராகச் சீனிக் கிண்ணத்திலேயே விழட்டும், பலகையில் துருவினால் எண்ணெய் பலகைக்குப் போய்விடும். பிறகு விரல் நுனிகளால் சீனியையும் துருவலையும் இரண்டு நிமிடம் சேர்த்துத் தேயுங்கள். சீனியின் கூர்முனைகள் எண்ணெய்ப் பைகளைக் கிழிக்கும். சீனி லேசாக ஈரமாகி, மஞ்சள் ஏறி, கையை முகத்தருகே கொண்டுபோகாமலேயே மணம் எழும்பும். அந்த நிலை வரும்வரை தேய்ப்பதை நிறுத்தாதீர்கள்.

வெண்ணெயும் நம் ஊர் வெக்கையும்

ஸ்கோன் குளிர் நாட்டுப் பண்டம். பிரிட்டனில் எழுதிய குறிப்பு "குளிர்ந்த வெண்ணெய்" என்று ஒரு வரியில் முடித்துவிடும். 30 டிகிரியை ஒட்டிய நம் வீவக (அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் அந்த ஒரு வரி போதாது. வெண்ணெய் 20 டிகிரி தாண்டும்போதே குழையத் தொடங்குகிறது, 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடுகிறது. நம் விரல் சூடும் ஏறக்குறைய அதுதான்.

வெண்ணெய் துண்டு துண்டாக நிற்பதில்தான் விஷயம் இருக்கிறது. மாவைப் போர்த்திக்கொண்டு நிற்கும் வெண்ணெய், தண்ணீர் பட்டு மாவு இழுவையாவதைத் தடுக்கிறது. ஓவனில் ஒவ்வொரு துண்டும் உருகி, அதிலிருக்கும் நீர் ஆவியாகி, இடையிடையே இடைவெளியை உண்டாக்குகிறது. முன்னாலேயே உருகிவிட்டால் ஸ்கோன் மேலே எழாமல் பக்கவாட்டில் பரவி, அடியில் எண்ணெய் கசியும்.

எனவே வெண்ணெயை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி 20 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். மாவு, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் சேர்த்து இரண்டு முறை சலித்து, கிண்ணத்தோடு அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஏர்கான் உள்ள அறையில் மேசை போட்டுச் செய்ய முடிந்தால் வேலை பாதி சுலபம். குளிர்ந்த மாவில் மணச் சீனியைக் கலந்து, வெண்ணெயைப் போட்டு, விரல் நுனியால் மட்டும் பிசிறுங்கள். உள்ளங்கை படக்கூடாது. புட்டுக்குப் பிசிறிய மாவு போல உதிர்ந்து நிற்க வேண்டும், நடுநடுவே பட்டாணி அளவில் சில வெண்ணெய்க் கட்டிகள் கிடந்தால் இன்னும் நல்லது. மாவு மஞ்சளாகி, மினுமினுத்து, விரலில் அப்பத் தொடங்கினால் வெண்ணெய் உருகுகிறது என்று பொருள். வீம்புக்குத் தொடராமல் கிண்ணத்தை 10 நிமிடம் ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். கை எப்போதும் சூடாக இருப்பவர்கள் வெண்ணெய்க் கட்டியை உறையவைத்து, கேரட் துருவுகிற துருவியில் துருவிப் போடலாம்.

பிசையாதீர்கள்

முட்டையை அடித்து, மேலே தடவ ஒரு மேசைக்கரண்டி எடுத்துவைத்துவிட்டு, மீதியில் 80 மில்லி பாலைக் கலந்து ஊற்றுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்தை மாவும் கொஞ்சம் இழுத்திருக்கும். அதனால் எல்லாப் பாலையும் ஒரே மூச்சில் ஊற்றாமல், கடைசி 10 மில்லியைத் தேவைப்பட்டால் மட்டும் சேர்க்கலாம். வெண்ணெய் தடவும் கத்தியால் கிளறுங்கள். மாவு அங்கங்கே திரண்டு, கொஞ்சம் ஒட்டும் பதத்தில் இருந்தால் போதும்.

சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கை இங்கே தானாக அழுத்தப் பார்க்கும், அதைத்தான் அடக்க வேண்டும். மாவு தூவிய மேசையில் கொட்டி, தட்டி, இரண்டாக மடித்து, கால்வாசி திருப்பி மறுபடி தட்டுங்கள். மூன்று முறை மடித்தால் அடுக்கு வந்துவிடும், அதற்குமேல் போனால் இழுவை வரும். பிறகு 2.5 சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டிவிடுங்கள். கனம் குறைந்தால் பிஸ்கட்டாகிவிடும்.

வட்டமாக வேண்டுமென்றால் 6 சென்டிமீட்டர் வெட்டுவளையத்தை மாவில் தோய்த்து நேராக அழுத்தி நேராகத் தூக்குங்கள். திருகினால் ஓரம் அடைபட்டு ஸ்கோன் ஒருபக்கமாகச் சாயும். சிலர் எவர்சில்வர் டம்ளரை வைத்து வெட்டுவார்கள், அதன் விளிம்பு சுருட்டப்பட்டிருப்பதால் அது மாவை வெட்டாமல் நசுக்கும். பலன் அதே சாய்வுதான். வளையம் இல்லாவிட்டால் கூரான கத்தியால் சதுரமாகவோ முக்கோணமாகவோ வெட்டுங்கள், ஓரத்து மாவும் மிஞ்சாது. மிஞ்சியதைச் சேர்த்துத் தட்டிச் சுடும் ஸ்கோன் கொஞ்சம் அழுத்தமாகவே இருக்கும், அது இயல்பு.

தட்டில் ஒரு விரல் இடைவெளி விட்டு நெருக்கி அடுக்கி, 15 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்துவைத்த முட்டையை மேலே மட்டும் தடவுங்கள். பக்கத்தில் வழிந்தால் அது பசையாகி எழும்புவதைத் தடுக்கும்.

சுடுவது

சாதாரண ஓவன் என்றால் 220 டிகிரி, காற்றாடி ஓடினால் 200. மேசை ஓவனில் விளக்கு அணைந்ததும் தட்டை உள்ளே தள்ளிவிடாதீர்கள். 20 நிமிடமாவது சூடேறட்டும். குமிழில் இருக்கும் எண்ணுக்கும் உள்ளே உள்ள சூட்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பது சகஜம். ஓவனுக்குள் தொங்கவிடும் வெப்பமானி பூன் ஹுவாட் போன்ற பேக்கிங் பொருள் கடைகளில் கிடைக்கும், ஒன்று வாங்கிவைத்தால் எல்லாச் சுடலுக்கும் உதவும். நடுத்தட்டுக்கு ஒரு படி கீழே வைத்து 14 முதல் 16 நிமிடம் சுடுங்கள். சிறிய ஓவனில் மேல்கம்பி மிக அருகில் இருக்கும். பத்தாம் நிமிடத்திலேயே மேல்பக்கம் கருகப் பார்த்தால் அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள்.

ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடி பொன்னிறமாக இருக்க வேண்டும், பக்கங்கள் தொட்டால் உலர்ந்திருக்க வேண்டும், பிசுபிசுப்பு கூடாது. ஏர் ஃப்ரையரில் 170 டிகிரியில் 12 நிமிடம். அடி வெளிறித்தான் வரும், கடைசி இரண்டு நிமிடம் கவிழ்த்துப் போடுங்கள்.

கம்பி வலையில் 20 நிமிடம் ஆறியபின்தான் பூச்சு. ஐசிங் சீனியைச் சலித்து, முதலில் 15 மில்லி சாறு விட்டுக் குழையுங்கள், பிறகு சொட்டுச் சொட்டாக. கரண்டியைத் தூக்கினால் அறுபடாமல் மெதுவாக ஒழுக வேண்டும். சூட்டோடு ஊற்றினால் அத்தனையும் தட்டுக்குப் போய்விடும். இங்குள்ள ஈரக்காற்றில் பூச்சு நெடுநேரம் காய்ந்து நிற்காது, சில மணி நேரத்தில் மறுபடி பிசுபிசுக்கும். சாப்பிடப்போகும் எண்ணிக்கைக்கு மட்டும் பூசுங்கள்.

சரியாக வராவிட்டால்

எழும்பவே இல்லை என்றால் முதலில் பேக்கிங் பவுடரைச் சந்தேகியுங்கள். திறந்த டப்பா ஈரம் குடித்துச் செத்திருக்கும். அரைத் தேக்கரண்டியைக் கொஞ்சம் வெந்நீரில் போட்டால் உடனே பொங்க வேண்டும். அடுப்புக்கு மேல் அலமாரியில் வைக்காமல் இறுக மூடி உலர்ந்த இடத்தில் வையுங்கள். மேலே பழுப்புப் புள்ளிகள் விழுந்தால் சரியாகச் சலிக்கவில்லை. உள்ளே ஈரமாகவும் வெளியே கருத்தும் இருந்தால் சூடு அதிகம். ரப்பராக இழுத்தால் கை அதிகம் பட்டுவிட்டது.

இங்கிலாந்தின் டெவன், கார்ன்வால் வட்டாரங்களில் ஸ்கோனுக்குக் கெட்டி க்ரீமும் ஜாமும் வைப்பார்கள். பழ மணம் உள்ள இதற்கு ஜாமோ காயாவோ (தேங்காய்ப்பால், முட்டை சேர்த்த இனிப்புப் பூச்சு) வேண்டாம், இரண்டும் தோலின் மணத்தை மூடிவிடும். உப்பு வெண்ணெய் ஒரு கீற்று, கூட ஒரு தே ஓ (பால் சேர்க்காத தேநீர்).

ஸ்கோன் சுட்ட அன்றே ருசி. மறுநாளுக்கு வேண்டுமென்றால் வெட்டிய மாவையே சுடாமல் உறையவைப்பதுதான் புத்திசாலித்தனம். தட்டில் தனித்தனியாக உறைந்தபின் பைக்கு மாற்றினால் ஒரு மாதம் தாங்கும். உருகவிடாமல் அப்படியே 200 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம் சுடுங்கள். சுட்டது மிஞ்சினால், பூச்சு போடாமல், முழுக்க ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் உறையவைத்து, வேண்டும்போது எடுத்து அறைச் சூட்டுக்கு வந்ததும் 160 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், ஆறும்போது கல்லாகிவிடும்.